கேக் கடைக்காரர் ஓட்டிய ஏரோப்ளேன்

கேக் சுடத் தெரிந்த ஒருத்தர் ஏரோப்ளேன் செஞ்சா எப்படி இருக்கும்? சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் உண்மை.

1910, மார்ச் மாதம். சென்னை தீவுத்திடல். பொருட்காட்சிக்குப் போய் டெல்லி அப்பளம் வாங்கித் தின்னுட்டு ராட்டினத்துல சுத்துவோமே, அதே தீவுத்திடல்தான். காசு கொடுத்துட்டு ஒரு கூட்டம் காத்துக்கிடக்கிறது. மரமும் துணியும் கம்பியுமாக ஒரு வண்டி உறுமுகிறது. ஓடுகிறது. தரையை விட்டு எழும்புகிறது! மெட்ராஸ்வாசிகள் பலரும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விமானத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டியவர் மிலிட்டரிக்காரர் இல்லை. இன்ஜினீயரிங் காலேஜ் வாசலை மிதித்தவரும் இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த முதலாளி. பேர் ஜியாகமோ டி ஆஞ்சலிஸ்.

இந்தியாவில் நடந்த ஆரம்பகாலப் பறத்தல்களில் அதுவும் ஒன்று. 'ஒன்று என்ன, அதுதான் முதல்' என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அலகாபாத்தில் விமானத்தில் தபால் மூட்டை ஏற்றி உலக சாதனை செய்தது 1911 பிப்ரவரியில். டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டியது 1932 அக்டோபரில். நம்ம கேக் கடைக்காரர் ரெண்டு பேருக்கும் சீனியர்!

இந்தக் கதை சேந்தமங்கலத்துக்காரனான எனக்கு எதுக்கு என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. சென்னையில் ஹோட்டல்காரர் விமானம் ஓட்டி 103 வருஷம் கழித்து, 2013-ல்தான் நாமக்கல்லுக்கு ரயிலே வந்தது. அந்த வயித்தெரிச்சல் ஒரு பக்கம். இன்னொரு காரணம் எங்க ஊர் மெஸ். அதைப் பின்னால் சொல்றேன்.

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் காரவள்ளி போகிற வழியில் வரும். கொல்லிமலைக்கு பைக்கில் போகிற காலேஜ் கும்பல் எல்லாம் எங்க ஊரைக் கடந்துதான் அந்த 70 கொண்டை ஊசி வளைவுக்குப் போகணும். ஆனா நின்னு பார்க்கிறவங்க கம்மி. டீ குடிக்க நிறுத்துவாங்க, முட்டை பஃப்ஸ் சாப்பிடுவாங்க, 'மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்ணே?' என்பாங்க, கிளம்பிடுவாங்க. சன்னியாசிக் கரட்டில் இருக்கிற தத்தாத்ரேயர் கோயிலைத் தேடி வருகிறவர்கள் மட்டும்தான் நின்று நிதானமாக இறங்குவார்கள்.

இந்த ஊருக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்? எந்த மளிகைக் கடையிலும் போய் சேமியா பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. 'வெர்மிசெல்லி' என்று போட்டிருக்கும். அக்மார்க் இத்தாலிய வார்த்தை. அர்த்தம்தான் கொஞ்சம் ஒருமாதிரி... 'குட்டிப் புழுக்கள்'. இனிமே ஹாஸ்டலில் சேமியா உப்புமா போட்டா பக்கத்து இலைக்காரனிடம் சொல்லிப் பாருங்க. அவன் பங்கும் உங்களுக்கே!

மறுபடியும் டி ஆஞ்சலிஸ். இவர் 1880-ல் மெட்ராஸில் ஒரு இனிப்பு, கேக் கடை திறந்தார். கடைக்கு வைத்த பேர் 'மேசோன் ஃபிரான்சேஸ்'. அதாவது பிரெஞ்சு மாளிகை. ஜியாகமோ என்பது பச்சை இத்தாலியப் பேர். அவரை சிசிலித் தீவின் மெசினாக்காரர் என்று எழுதியவர்கள் உண்டு, கார்சிகாக்காரர் என்று எழுதியவர்களும் உண்டு. கார்சிகா என்றால் நெப்போலியன் பிறந்த தீவு. பிரான்ஸ் கைக்குப் போவதற்கு முன்னால் பல நூறு வருஷம் இத்தாலியின் ஜெனோவா ஆட்சியில் இருந்தது. வீட்டில் பேசுவது இத்தாலிய வாடை அடிக்கும் பேச்சு, பாஸ்போர்ட் பிரெஞ்சு. அதெல்லாம் இருக்கட்டும், கடைக்கு ஏன் பிரெஞ்சுப் பேர்? அந்தக் காலத்துத் துரைமார்களுக்குச் சாப்பாடு என்றால் பிரெஞ்சுதான் கெத்து. மெனு கார்டே பிரெஞ்சில் அடிப்பார்கள். இத்தாலி என்றால் பாட்டுக்காரன், சிலை செய்கிறவன், ஏழைக் குடியானவன். பீட்சாவுக்கு அப்போது உலக மார்க்கெட் கிடையாது. அதனால் நம்மாள் பிழைக்கத் தெரிஞ்சவராக போர்டை பிரெஞ்சில் எழுதிட்டார்.

கடை பிய்த்துக்கொண்டு போனது. கவர்னர் வீட்டு விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தார். 1900-களின் முதல் பத்து வருஷத்துக்குள் மவுண்ட் ரோட்டில், பிளாக்கர்ஸ் ரோடு வந்து சேருகிற முனையில் 'ஹோட்டல் டி ஆஞ்சலிஸ்' எழும்பியது. மெட்ராஸில் பாதிப் பேர் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே மின்விசிறி, லிஃப்ட், ஐஸ் எல்லாம் இருந்தது.

1909 ஜூலை 25-ம் தேதி பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. மத்தவங்க பேப்பரை மடிச்சு வைச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. டி ஆஞ்சலிஸ் மட்டும் பென்சிலை எடுத்தார். தானே ஒரு டிசைன் போட்டு, அதே மவுண்ட் ரோட்டில் கோச் வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். பல்லாவரம் பக்கம் மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தீவுத்திடல் ஷோ. அதுக்கும் டிக்கெட் போட்டார் பாருங்க, அங்கேதான் ஹோட்டல்காரர் நிற்கிறார்!

சர்க்கரையில் சிலை செய்தவர்

இவரைத் துருவப் போனால் இந்தியா முழுக்க இப்படி ஒரு இத்தாலியக் கூட்டமே இருந்திருக்கிறது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஃபெடரிகோ பெலிட்டி. 1844-ல் டூரின் பக்கத்தில் கரிஞானோ என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். படித்தது சிற்பம். ஆனால் சிற்பம் சோறு போடவில்லை என்பதால் கேக், மிட்டாய் செய்யும் தொழிலுக்கு வந்தார். (ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிற நண்பர்கள் கண்ணைத் துடைச்சுக்கலாம்.) 1869-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் இனிப்பு மாஸ்டராக இந்தியா வந்தார். மூணே வருஷத்தில், 1872 பிப்ரவரியில், அந்தமானில் மேயோ பிரபு கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கூட்டி வந்த முதலாளியே போயாச்சு. வேற ஆளா இருந்தா மூட்டை கட்டியிருப்பார். பெலிட்டி கல்கத்தாவில் சொந்தக் கடை போட்டார், பிறகு சிம்லாவிலும். படித்த சிற்பமும் வீணாகவில்லை, சர்க்கரையிலேயே கட்டடங்கள் செய்தார்! வெள்ளைக்காரர்கள் வம்பு பேச, காதல் செய்ய, கல்யாணம் பேச எல்லாத்துக்கும் பெலிட்டி கடைதான். சும்மா இருக்கிற நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் எடுத்த போட்டோக்கள் குடும்பத்தில் பத்திரமாக இருந்து, 1990-களில் புத்தகமாகவே வந்தன. 1914-ல் அவர் இறந்தார். கடை இன்றைக்கு இல்லை. போட்டோக்கள் இருக்கின்றன.

அதே கல்கத்தாவில் 1917-ல் ஆஞ்சலோ ஃபிர்போ சௌரங்கியில் ஹோட்டல் திறந்தார். 'ஃபிர்போஸ்' என்றால் அந்த ஊரில் அவ்வளவு மரியாதை. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவும் ஓய்ந்து, கட்டடம் 'ஃபிர்போஸ் மார்க்கெட்' என்கிற கடைக் கூட்டமாக மாறியது. 2002-ல் அந்த மார்க்கெட்டும் தீப்பிடித்து எரிந்தது. பம்பாயில் இத்தாலிய சகோதரர்கள் ஆரம்பித்த 'மான்ஜினிஸ்' கேக் கடை 1950-களில் கொராக்கிவாலா குடும்பத்தின் கைக்குப் போய், ஊர் ஊராகக் கிளை விட்டது. பேர் பிழைத்தது, குடும்பம் மாறியது.

மெட்ராஸிலும் இதே கதைதான். டி ஆஞ்சலிஸின் ஹோட்டல் பிறகு பொசோட்டோ சகோதரர்கள் கைக்குப் போனது. அவங்களும் இத்தாலிக்காரர்கள்தான். 'பொசோட்டோ' என்கிற பேரை எங்க தாத்தா வயசு சென்னைக்காரர்கள் ரொட்டிக்காகவும் கேக்குக்காகவும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதுவும் போய், பிற்காலத்தில் அங்கே பாட்டா செருப்புக் கடை இருந்தது. ஒரு இன்டர்வியூவுக்குச் சென்னை போனபோது அந்த முனையில் கொஞ்ச நேரம் நின்னேன். பிளாட்பாரத்தில் மொபைல் கவர் விற்கிறவரிடம் 'அண்ணே, இங்க ஏரோப்ளேன் செஞ்ச ஹோட்டல்காரர் ஒருத்தர்...' என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, 'தம்பி, ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ அந்தப் பக்கம்' என்றார். சிம்ப்சன் மட்டும் இன்னும் அண்ணா சாலையில் நிற்கிறது.

ஏன் இந்தக் கடைகள் மூணாவது தலைமுறைக்குப் பெரும்பாலும் போகவே இல்லை? ஒரு காரணம் யுத்தம். 1940 ஜூன் 10-ம் தேதி முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்தார். முந்தின ராத்திரி வரைக்கும் துரைக்கு சூப் கொடுத்த இத்தாலிக்காரர்கள் மறுநாள் காலையில் 'எதிரி நாட்டவர்'. பலரைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அதே சமயத்தில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரையும் இந்தியாவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெங்களூரில்கூட முகாம் இருந்தது. இன்னொரு காரணம் 1947. கஸ்டமரே கப்பலேறிப் போனபிறகு யாருக்கு கேக்?

ஆனா எனக்கென்னவோ மூணாவது காரணம்தான் பெருசாகத் தோணுது. தாத்தா அடுப்படியில் வெந்தார். மகன் கல்லாவில் உட்கார்ந்தான். பேரன் காலேஜுக்குப் போனான். உலகம் முழுக்க இந்த மூணு வரிதான்.

நியூயார்க்கைப் பாருங்க. லிட்டில் இத்தாலியில் ஸ்ப்ரிங் ஸ்ட்ரீட்டில் ஜென்னாரோ லொம்பார்டியின் கடை. 1905-ல் அமெரிக்காவின் முதல் பீட்சா கடை இதுதான் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்பே அங்கே சுட்டவர்கள் உண்டு என்று இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். மகன், பேரன் என்று நடந்த கடை 1984-ல் மூடியது. பத்து வருஷம் பூட்டு. 1994-ல் பேரனும் அவருடைய சின்ன வயசு நண்பர் ஒருவரும் சேர்ந்து, அதே தெருவில் நிலக்கரி அடுப்பு இருந்த ஒரு பழைய பேக்கரி இடத்தைப் பிடித்துத் திரும்பத் திறந்தார்கள். அதாவது குடும்பத்தால் மட்டும் முடியவில்லை, ஒரு ஃப்ரெண்ட் வேண்டியிருந்தது.

நம்மாளுங்க அங்கே

கதையைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரஸ்யம். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி ஓடிய ஈழத் தமிழர்கள் ஐரோப்பா முழுக்கச் சிதறினார்கள். அதில் ஆயிரக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சிசிலித் தீவின் பலேர்மோ. ஆமாம், டி ஆஞ்சலிஸின் ஊர் என்று சொல்கிறார்களே, அதே தீவு! வீட்டு வேலை, ஹோட்டல் வேலை என்று ஆரம்பித்தார்கள். பலேர்மோவின் காவல் தெய்வம் சாண்டா ரொசாலியா. மோன்டே பெல்லெக்ரினோ மலையில் குகைக் கோயில். நம்ம ஆட்கள், இந்துக்களும்கூட, அந்த மலைக்கு ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். நமக்கு இது ஆச்சரியமே இல்லை. மலை, குகை, சாமி... கொல்லிமலைக்குப் போகிற பழக்கம்தானே!

ஐரோப்பாவில் பல ஊர்களில், மேஜைக்கு வருகிற பாஸ்தா இத்தாலியன், கிண்டினவர் கை யாழ்ப்பாணம். பாரிஸில் 2023-ம் ஆண்டு நகரத்தின் சிறந்த பாகெட் ரொட்டிக்கான பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். பரிசோடு ஒரு வருஷம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கிற வேலையும் வந்தது. மெட்ராஸ் கவர்னர் வீட்டுக்கு அந்நியர் ஒருவர் கேக் கொடுத்தார். நூறு வருஷம் தாண்டி பாரிஸில் ஜனாதிபதி வீட்டுக்குத் தமிழர் ஒருவர் ரொட்டி கொடுத்தார்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இன்றைக்கும் இலை போடுகிறது. அந்தத் தெருவில் அவர்களுடைய கஸ்டமர் கப்பலேறிப் போகவில்லை. தினம் தினம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மவுண்ட் ரோட்டுக்கும் சிராங்கூன் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சரி, கடைகள் போச்சு. ருசி எங்கே போச்சு? வெள்ளைக்கார, இத்தாலியக்கார முதலாளிகள் யாரும் தனியாக மாவு பிசையவில்லை. கல்கத்தாவில் சிட்டகாங் பக்கத்து 'மக்' சமையல்காரர்கள் இருந்தார்கள். மெட்ராஸில் நம்ம பட்லர்களும் குசினிக்காரர்களும். முதலாளி ஊருக்குப் போனபிறகு கைப்பக்குவம் இவங்ககிட்டதான் தங்கியிருக்கும் என்பது என் யூகம். பேப்பர்களில் முதலாளி பேர் வந்தது, மாஸ்டர் பேர் வரலை. மடித்து மடித்து வெண்ணெய் தேய்த்த ஐரோப்பிய மாவுக்குள் நாமக்கல் முட்டையைப் பாதியாக வெட்டி வைத்து, வெங்காய மசாலா அடைத்து எங்க ஊர் பேக்கரியில் முட்டை பஃப்ஸ் என்று தருகிறார்களே, அதுக்கு எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

இப்போ மெஸ். எங்க ஊரில் ஒரு மெஸ் இருக்கு. பேர் வேண்டாம், ஓனர் கூச்சப்படுவார். அவருடைய அப்பா ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்தது. இட்லி, மதியச் சாப்பாடு, கொல்லிமலை மிளகு போட்ட ஒரு ரசம். அந்த ரசத்துக்காகவே லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஓனருடைய பையன் என் ஜூனியர், இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆனா பெங்களூர். ஆகலைன்னாலும் பெங்களூர். 'கல்லாவுல உட்கார மாட்டேன்ணா' என்பான். அப்பா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இலை எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் மட்டும் மெதுவாக, 'அவன் உட்கார வேணாம் தம்பி, ரசம் வைக்கவாச்சும் கத்துக்கிட்டுப் போகலாமில்ல' என்றார். பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. விடியக்காலை நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கிற வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். அப்பாவையும் குறை சொல்ல முடியலை.

இப்போ அந்த ரசத்தை வைக்கிறது ஒடிசாக்காரர் ஒருத்தர். கோழிப்பண்ணை வேலைக்கு நாமக்கல் வந்து, அது பிடிக்காமல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, மூணு வருஷத்தில் மாஸ்டர் ஆயிட்டார். தமிழ் நம்ம ஸ்லாங்கிலேயே பேசுவார், 'ஏனுங்' உட்பட. ரசம் அச்சு அசல் அதே ருசி. லாரிக்காரர்களுக்கு ஆள் மாறினதே தெரியாது. ஓனருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போ உங்களுக்கும்.

அந்த மாஸ்டர் வர்ற தை மாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாக ஒரு தள்ளுவண்டி போடப்போகிறார். சாயங்காலம் நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், கூடவே அவங்க ஊர் பருப்பு டால்மா ஒரு சட்டியில். அட்வான்ஸ் கொடுத்தாச்சு. கேஸ் அடுப்பு வாங்கியாச்சு. போர்டு எழுதுகிறவர் வந்து, 'என்ன பேருங்க போடட்டும்? ஒடிசா ஃபாஸ்ட் ஃபுட்டா?' என்று கேட்டார்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. 'சென்னை ஃபாஸ்ட் ஃபுட்னு போடுங்' என்றார்.